புது நீச்சல் மிஸ் வந்ததும் குழந்தை முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போன மாதம் வரை கரையிலிருந்து தொபுக்கென்று குதித்த குழந்தை, இன்று படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நிற்கிறது. குளம் அதே குளம், நேரம் அதே நேரம். மாறியது மிஸ் மட்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தருவது என் வேலை. மற்றவர்கள் விட்டுப்போன வகுப்புகளைப் பாதியில் வாங்கி நடத்தியிருக்கிறேன். என் வகுப்பை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டும் வந்திருக்கிறேன். குழந்தை வீறிட்டதும் "என்ன பண்ணீங்க எம் புள்ளைய?" என்று கரையிலிருந்து பாயும் பார்வை எனக்குப் பழகிப்போன ஒன்று.

டீச்சர் மாறும்போது குழந்தைக்கு எது கைநழுவிப் போகிறது என்று பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. முங்குவதற்கு முன் எத்தனை வரை எண்ணுவார், மல்லாந்து மிதக்கும்போது அவர் கை தலைக்கடியில் இருக்குமா இடுப்புக்கடியில் இருக்குமா, இருமினால் உடனே தூக்குவாரா? இதெல்லாம் குழந்தையின் உடம்பு போட்டு வைத்திருந்த கணக்கு. ஆள் போனதும் அந்தக் கணக்கு மொத்தமும் அழிந்துவிடுகிறது. போனவரைத் திரும்பக் கூட்டிவர முடியாது. கணக்கைப் புதியவரிடம் ஒப்படைக்க முடியும். கீழே சொல்லும் வழிகளில் பெரும்பாலானவை அந்த ஒப்படைப்புதான்.

முதலில், காரணம் டீச்சர்தானா?

டீச்சர் மாறிய வாரத்தில் நடந்த எல்லாவற்றையும் டீச்சர் தலையில் கட்டிவிடுவது சுலபம். அதற்குள் போகுமுன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

காது. காது மடலை மெல்ல இழுத்தாலோ, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை அழுத்தினாலோ குழந்தை முகம் சுளித்தால், வெளிக்காதில் தொற்று இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை குளம் வேண்டாம்.

கண்ணாடி. நீச்சல் கண்ணாடி ஒழுகினாலும் இறுக்கினாலும் குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. "மிஸ் பிடிக்கல" என்றுதான் சொல்லும்.

குளிர். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சின்ன உடம்பு சீக்கிரமே சில்லிட்டுப்போகும். கற்றுக்கொள்ளும் சிறுவர்களுக்குத் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸ் வாக்கிலாவது இருந்தால் நல்லது. புது டீச்சர் குழந்தைகளை வரிசையில் காத்திருக்க வைப்பவராக இருந்தால், அதே குளம்கூட அதிகக் குளிராகத் தெரியும். உதடு நீலம் பாய்ந்தாலோ பல் தந்தியடித்தாலோ பாடம் அங்கேயே முடிந்தது.

நேரமும் கூட்டமும். வகுப்பு பகல் தூக்க நேரத்துக்கு மாறியிருக்கிறதா? தண்ணீரை வாரியடிக்கும் பெரிய பையன்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களா?

இவை எதுவும் இல்லையென்றால் ஒரு சோதனை. வகுப்பு இல்லாத நாளில் நீங்களே குழந்தையைக் குளத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆழம் குறைந்த பக்கம், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நீங்கள். குதியாட்டம் போட்டால் தண்ணீர்மேல் அதற்குக் கோபமில்லை, சிக்கல் ஆள் மாறியதில்தான். உங்களோடும் இறங்க மறுத்தால் பயம் தண்ணீர் மேல். அண்மையில் தண்ணீர் குடித்து மூச்சு முட்டிய சம்பவம் ஏதாவது நடந்ததா என்று பழையவர், புதியவர் இரண்டு பேரிடமும் கேளுங்கள்.

அறிகுறி: வகுப்பு நாள் காலையிலேயே வயிற்றுவலி

பொய் என்று தள்ளாதீர்கள். பதற்றத்தில் வயிறு உண்மையிலேயே வலிக்கும். பத்து மணிக்கு வகுப்பு என்றால் ஏழு மணியிலிருந்தே "இன்னிக்கு அழக்கூடாது, சரியா? புது மிஸ் ரொம்ப நல்லவங்க, சரியா?" என்று நாம் ஓதிக்கொண்டே இருப்பதுதான் பாதி நேரம் அந்த வலியைக் கிளப்புகிறது. அழக்கூடாது என்று மூன்று முறை கேட்ட குழந்தை, அங்கே அழுவதற்கு ஏதோ இருக்கிறது என்றுதான் புரிந்துகொள்ளும்.

என்ன நடக்கப்போகிறது என்பதை மட்டும், ஒரே ஒரு தடவை, வரிசையாகச் சொல்லுங்கள். "போவோம், டிரஸ் மாத்துவோம், மிஸ்ஸுக்கு ஹலோ சொல்லுவோம், படியில உக்காந்து கால் அடிப்போம், அப்புறம் துண்டு போர்த்திக்கிட்டு வீட்டுக்கு வருவோம்." நல்லவங்க, கெட்டவங்க என்ற தீர்ப்பைக் குழந்தையே எழுதட்டும்.

அறிகுறி: படிவரை வருகிறது, இறங்க மாட்டேன் என்கிறது

அடிக்கடி வருவது இதுதான். இதில் பெற்றோரும் டீச்சரும் சேர்ந்து செய்யும் தவறு ஒன்று உண்டு: குழந்தையைத் தூக்கித் தண்ணீரில் இருக்கும் புதியவர் கையில் கொடுத்துவிடுவது. "இறங்கிட்டா சரியாயிடும்" என்பார்கள். சில குழந்தைகளுக்குச் சரியாவதுபோலத் தோன்றவும் செய்யும். அடுத்த வாரம் அதே குழந்தை வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்துகொள்ளும். யார் என்றே தெரியாத ஒருவர் கையில், கால் எட்டாத இடத்தில் தன்னை விட்டார்கள் என்பதுதான் அதற்கு மனதில் நின்றிருக்கும்.

அறிமுகம் தரையில் நடக்கட்டும். முடிந்தால் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால், புதியவர் சாதாரண உடையில், தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் இல்லாமல் இருக்கும்போது. கருப்புக் கண்ணாடி போட்ட முகத்தில் கண் தெரியாது. கண் தெரியாத முகத்தைச் சின்னக் குழந்தையால் படிக்க முடியாது. நான் புது வகுப்புக்குப் போனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குந்தி உட்கார்ந்து, குழந்தையிடம் பேசாமல் அது கையில் வைத்திருக்கும் பொம்மையிடம் பேசுவேன். வாத்துக்கு முங்கத் தெரியுமா என்று கேட்டால், பதில் சொல்வது பெரும்பாலும் வாத்தின் சொந்தக்காரர்தான்.

பிறகு படி. முதல் வகுப்பு முழுவதும் முதல் படியில் உட்கார்ந்து கால் அடிப்பதிலேயே முடிந்தாலும் அது வகுப்புதான். காசு வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், தெரியும். அந்தப் பரபரப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். படியில் உட்காரும் குழந்தை வேடிக்கை பார்க்கிறது: இந்த ஆள் மற்ற பிள்ளைகளை எப்படிப் பிடிக்கிறார், சொன்னபிறகு முக்குகிறாரா, சொல்லாமலே முக்குகிறாரா? மெல்லப் பழகும் சுபாவமுள்ள குழந்தைகள் எல்லா இடத்திலும் இப்படித்தான், பிறந்தநாள் விழாவில்கூட முதல் அரைமணி அம்மாவின் புடவைத் தலைப்புக்குள்தான். அது குணம், பிழை இல்லை. இத்தகைய குழந்தைக்கு வாரம் ஒரு வகுப்பைவிட, முதல் இரண்டு வாரம் அடுத்தடுத்து நான்கைந்து குட்டி வகுப்புகள் கிடைத்தால் நல்லது. ஏழு நாள் இடைவெளியில் முகமே மறந்து, பழக்கம் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை என்றால் இந்தக் கதையே வேறு. பிரிவுப் பயம் பலமாக இருக்கும் வயது அது. அந்த வயதில் பெற்றோரும் தண்ணீரில் இருக்கும் வகுப்பாகத்தான் இருக்க வேண்டும். புதியவர் முதலில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், நீங்கள் குழந்தையோடு செய்யுங்கள்.

அறிகுறி: உங்களைப் பார்க்கும்போது மட்டும் அழுகை

வகுப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். கரையில் உங்கள் தலை தெரிந்ததும் உதடு பிதுங்கும்.

1985-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. கண்ணாடித் தளத்துக்குக் கீழே பள்ளம் இருப்பதுபோல் அமைத்து, ஒரு வயதுக் குழந்தைகளை அதன் விளிம்பில் விட்டார்கள். எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 பேரில் 14 குழந்தைகள் கடந்துவந்தன. அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. நீச்சல் குளத்தின் கரையும் அப்படியொரு விளிம்புதான். வாய் "பயமில்லடா கண்ணா" என்கிறது, புருவம் வேறு ஏதோ சொல்கிறது. குழந்தை நம்புவது புருவத்தை.

உங்களுக்கே புதியவர்மேல் சந்தேகம் இருந்தால், முதலில் அவரோடு பேசி அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். முகத்தை மட்டும் சரிசெய்வது எடுபடாது. பிறகு உட்காரும் இடத்தை மாற்றுங்கள். குழந்தை தேடினால் தெரியும் தூரம், ஆனால் பாடம் நடக்கும் திசைக்குப் பக்கவாட்டில். பார்த்தால் ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, அவ்வளவே. கரையோரமாகக் கூடவே நடந்துகொண்டு "காலை அடி, கையை நீட்டு" என்று கத்தாதீர்கள். புதியவரின் குரலைப் பழக வேண்டிய காதை உங்கள் குரலால் அடைத்துவிடுகிறீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப்போவது இதைவிட மோசம். திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் அங்கே இல்லாவிட்டால், அடுத்த பத்து வகுப்பும் அது திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

அறிகுறி: செய்யத் தெரிந்ததையே இப்போது செய்ய முடியவில்லை

"ரெண்டு மாசமா மிதந்துட்டு இருந்தா. இப்போ புது சார்கிட்ட போனதும் முங்கிப் போறா. எல்லாம் மறந்துடுச்சு." இதைத்தான் அதிகம் கேட்கிறேன். மறந்துபோகவில்லை.

மல்லாந்து மிதப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காதும் தண்ணீருக்குள், பார்வை மேலே, வயிறு மேலே, நெஞ்சு நிறையக் காற்று. இதுதான் மிதப்பு. புதுக் கையை நம்பாத குழந்தை, பிடித்திருக்கிறாரா விட்டுவிட்டாரா என்று பார்க்கத் தலையைத் தூக்கும். தலை தூக்கினால் இடுப்பு தாழும். நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் உடம்பு மடங்கும், மூக்கில் தண்ணீர் ஏறும், அழுகை வரும். அழுதால் நெஞ்சுக் காற்று வெளியே போகும், மிதப்பு இன்னும் குறையும். திறமை அப்படியே இருக்கிறது. கழுத்து மட்டும்தான் நம்ப மறுக்கிறது.

வழி: புதியவர் பக்கவாட்டில் நிற்காமல் தலைமாட்டில் நிற்கட்டும். அப்போது தலையைத் தூக்காமலே அவர் முகம் தலைகீழாகத் தெரியும். அதுவும் முடியவில்லையென்றால் குழந்தையின் தலை அவர் தோளில் சாய்ந்திருக்க, இருவருமாகக் கொஞ்ச தூரம் பின்னோக்கி நகரட்டும். தோளிலிருந்து உள்ளங்கைக்கு, உள்ளங்கையிலிருந்து இரண்டு விரலுக்கு. முன்பு இரண்டு மாதம் பிடித்த பாதை இந்தத் தடவை இரண்டு மூன்று வகுப்புகளில் கடந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் சொல். ஒரே வித்தைக்கு ஒவ்வொரு டீச்சரிடமும் ஒவ்வொரு பெயர். ஒருவர் "நட்சத்திரம் மாதிரி படு" என்பார், இன்னொருவர் "ஸ்டார்ஃபிஷ்" என்பார், மூன்றாமவர் "மல்லாந்து படு" என்று நேராகச் சொல்லிவிடுவார். என்னிடம் வந்த நான்கு வயதுப் பையன் ஒருவன் "பபிள்ஸ் ஊது" என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் சிலைபோல் நின்றான். அவன் பாட்டி கரையிலிருந்து "டேய், மோட்டார் போட் சத்தம் போடு!" என்றார். உடனே முகத்தைத் தண்ணீரில் வைத்து புர்ரென்று ஊதினான். பழைய டீச்சரின் பாஷை பாட்டிக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. பழையவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" முடிந்தபிறகு முக்கியிருப்பார். புதியவர் மூன்று என்னும்போதே முக்குவார். அந்த அரை விநாடியில்தான் குழந்தை வாயை மூடியிருக்கும். அரை விநாடி முந்தினால் வாய் நிறையத் தண்ணீர். பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும் இந்த வித்தியாசத்தால் மாதக்கணக்கான நம்பிக்கை போய்விடுகிறது.

ஆகவே, பழையவர் போவதற்கு முன்பே, முடியாவிட்டால் போனபிறகு ஒரு ஃபோன் போட்டாவது, அவருடைய வழக்கங்களைக் கேட்டு அரைப் பக்கத்தில் எழுதிப் புதியவரிடம் கொடுங்கள். குணநலன் பட்டியல் வேண்டாம். "கொஞ்சம் கூச்ச சுபாவம், ஆனா நல்ல பொண்ணு" என்பதை வைத்துக்கொண்டு தண்ணீரில் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு உதவிய ஒரு சீட்டு ஏறக்குறைய இப்படி இருந்தது:

"முங்குவதற்கு முன் மூணு வரை எண்ணணும், மூணு சொல்லி முடிச்ச பிறகுதான். மல்லாந்து மிதக்கும்போது கை தலைக்குக் கீழே. இடுப்பைத் தொட்டால் கூசும், மடங்கிடுவா. 'தவளைக் கால்' என்றால் புரியும். கண்ணில் தண்ணீர் போனால் தொடைக்கத் துணி கேட்பா, கொடுத்துட்டா அடுத்த நொடியே தயார். கிக் போர்டு (மிதவைப் பலகை) பிடித்து தனியா ஐந்து மீட்டர் போவா. ஆழமான பக்கம் இதுவரை போனதில்லை. கடைசியில் படியிலிருந்து ஒரு குதி உண்டு. அது இல்லாமல் வகுப்பு முடியாது."

இதில் கடைசி வரிக்கு மதிப்பு அதிகம். தொடக்கமும் முடிவும் பழையபடி இருந்தால் நடுவில் எதை மாற்றினாலும் குழந்தை பொறுத்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று வகுப்புக்குப் பழைய சொல், பழைய எண்ணிக்கை. பிறகு புதியவர் தன் வழியில் ஒவ்வொன்றாக மாற்றலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றி "என் ஸ்டைல் இதுதான்" என்று நிற்கும் டீச்சர்களும் உண்டு. மூன்று வயதிடம் ஸ்டைல் செல்லாது.

வீட்டில் குளியலின்போது அதே மூன்று எண்ணித் தலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். கட்டிலில் மல்லாந்து படுத்து நட்சத்திரம் போடட்டும். குளியல் தொட்டியாக இருந்தால் ஒரு நொடிகூடத் தனியே விடாதீர்கள்.

அறிகுறி: "பழைய மிஸ்தான் வேணும்"

"அவங்க வரமாட்டாங்க, இனிமே இவங்கதான்" என்று கதவைச் சாத்தாதீர்கள். "அடுத்த வாரம் வருவாங்க" என்று பொய்யும் வேண்டாம். அடுத்த வாரம் வந்தே தீரும். "உனக்கு அவங்கள ரொம்பப் பிடிக்கும்ல? அவங்ககூட எது ஜாலியா இருந்துச்சு?" என்று கேட்டால், குழந்தை சொல்லும் பதிலில் மேலே சொன்ன சீட்டுக்கு இன்னும் இரண்டு வரி கிடைக்கும்.

நான்கு, ஐந்து வயதில் இன்னொரு முடிச்சு இருக்கும். உலகில் நடப்பதெல்லாம் தன்னால்தான் என்று நினைக்கும் வயது. "நான் முங்க மாட்டேன்னு சொன்னேன்ல, அதான் மிஸ் போயிட்டாங்க" என்று ஒரு குழந்தை என்னிடமே சொல்லியிருக்கிறது. கேட்காவிட்டாலும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்: வேறு ஊருக்குப் போயிருக்கிறார், படிக்கப் போயிருக்கிறார், உன்னால் இல்லை. ஒரு படம் வரைந்து கொடுத்து விடைபெற வாய்ப்புக் கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

அறிகுறி: இரண்டு வாரம் நன்றாக இருந்து, மூன்றாம் வாரம் கவிழ்கிறது

முதல் இரண்டு வாரம் புதியவர் விருந்தாளியாக இருந்தார். இப்போதுதான் இவரே நிரந்தரம் என்று உறைத்திருக்கிறது. பெரும்பாலும் இவ்வளவுதான். இடையில் காய்ச்சலோ விடுமுறையோ வந்து வகுப்பு தவறியிருந்தாலும் இப்படி ஆகும். ஒரு படி பின்னால் போய் முதல் வகுப்பில் செய்ததைச் செய்யுங்கள்.

அறிகுறி: அழுகையே இல்லை, சொன்னதெல்லாம் செய்கிறது

பெற்றோர் மகிழும் அறிகுறி; எனக்குக் கவலை தரும் அறிகுறி. எல்லாக் குழந்தைகளையும் சொல்லவில்லை, சிலது இயல்பாகவே சட்டென்று ஒட்டிக்கொள்ளும். வேறுபாடு உடம்பில் தெரியும். தோள் காதுவரை ஏறியிருக்கிறதா, விரல்கள் மடங்கியிருக்கின்றனவா, மூச்சை அடக்கியபடியே இருக்கிறதா, ஒரு சிரிப்பும் ஒரு கேள்வியும் இல்லாமல் வகுப்பு முடிகிறதா? அது உறைந்துபோன குழந்தை. அழுகிற குழந்தையாவது உதவி கேட்கிறது. வேகத்தைக் குறைத்து, விளையாட்டைக் கூட்டி, "வேணாம்" என்று சொல்லும் வழி ஒன்றைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்: கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று டீச்சர் சொல்லி, உடனே ஒருமுறை நிறுத்தியும் காட்ட வேண்டும்.

அறிகுறி: அளவுக்கு மீறிய வீரம்

புதியவர் முன் தன்னைக் காட்டிக்கொள்ள, சொல்வதற்கு முன்பே குதிப்பது, "எனக்கு ஆழத்துல நீந்தத் தெரியும்" என்று அடித்துவிடுவது. இதைச் சிரித்து விடக்கூடாது. பழையவருக்கு இந்தக் குழந்தையின் எல்லை தெரியும், புதியவருக்குத் தெரியாது. குழந்தையின் வாய்மொழியை நம்பி அவர் ஆழத்துக்கு விட்டுவிடும் ஆபத்து உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகெங்கும் சுமார் 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். முதல் வகுப்பிலேயே, ஆழம் குறைந்த பக்கத்தில், குழந்தைக்கு உண்மையில் என்ன தெரியும் என்று புதியவர் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அனுமதி கேட்டபிறகே தண்ணீர் என்ற விதி ஆள் மாறினாலும் மாறாது.

பொறுத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பொறுமை மருந்து. இவற்றுக்கு இல்லை.

புதியவர் அழுகிற குழந்தையை வலுக்கட்டாயமாக முக்குகிறார், "குட்டிப் பாப்பா" என்று மற்றவர் முன் கேலி செய்கிறார், பெற்றோர் பார்ப்பதை விரும்பவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் வகுப்பை நிறுத்திவிட்டு நடத்துபவர்களிடம் பேசுங்கள்.

குளத்தைப் பற்றிப் பயமே இல்லை, ஆனால் அந்த ஒருவரின் பெயரைக் கேட்டதும் சுருங்குகிறது. உடை மாற்ற, குளிப்பாட்டத் தொட்டால் திமிறுகிறது. நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பி வருகிறது. ஏதோ "ரகசியம்" என்கிறது. இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் அமைதியாக, பதிலை நீங்களே வாயில் ஊட்டாமல் கேளுங்கள். "மிஸ் அடிச்சாங்களா?" என்று கேட்காமல் "கிளாஸ்ல என்னென்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். கவலைப்படும்படி எதுவும் வந்தால் குழந்தையை மறுபடி அங்கே அனுப்பாமல், குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் போங்கள்.

தண்ணீர் குடித்து மூச்சு முட்டிய நாளில், அடுத்த சில மணி நேரத்துக்குள் விடாத இருமல், மூச்சுத் திணறல், வழக்கத்துக்கு மாறான சோர்வு தென்பட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஐந்தாறு வகுப்புக்குப் பிறகும் அசையவில்லையென்றால்

அழுகை குறைந்ததா என்பதை மட்டும் அளக்காதீர்கள். முதல் வாரம் படியில், இரண்டாம் வாரம் இடுப்பளவில், மூன்றாம் வாரம் மிஸ் கையைப் பிடித்து என்று நகர்ந்திருந்தால், அழுதுகொண்டே நகர்ந்தாலும் தொடருங்கள். ஒரே இடத்தில் நிற்கிறது அல்லது பின்னால் போகிறது என்றால் அந்தக் குழந்தைக்கும் அந்த டீச்சருக்கும் ஒத்துப்போகவில்லை. அதில் யார்மேலும் குற்றமில்லை. என்னோடு ஒட்டாத குழந்தைகள் பக்கத்துத் தடத்தில் இன்னொருவரிடம் மீன்குஞ்சாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

வகுப்பை நிறுத்தினாலும் தண்ணீரை நிறுத்தாதீர்கள். வாரம் ஒருமுறை உங்களோடு, ஆழமில்லாத பக்கம், பாடம் எதுவும் இல்லாமல் வெறும் விளையாட்டு. ஓரிரண்டு மாதம் போனதும் இன்னொருவரிடம் சேர்க்கும்போது, அந்தச் சீட்டை இன்றைய நிலைக்குத் திருத்தி எழுதிக் கையோடு எடுத்துப்போங்கள்.